ஏகமனதாக நானூறு மீற்றர்

வரிசையாக நிறுத்திய வேலிகளைத் தாண்டி ஓடும் நூற்றுப்பத்து மீற்றர் சட்டவேலி ஓட்டத்தில் தயாபரன் நாட்டிலேயே முதலாவதாக வந்தபோது, மெய்வல்லுநர் மேம்பாட்டு உயர் சம்மேளனத்தின் பெரியவர்கள் எல்லாரும் மத்தியானச் சாப்பாட்டில் இருந்தார்கள். அன்றைக்குப் புரியாணி. மைதானத்தில் மிச்சம் இருந்தவர்கள் நேரம் பார்க்கிறவர்களும், ஓட வந்தவர்களும், வேலியோரமாகக் குடை பிடித்துக்கொண்டு நின்ற ஜௌபர் சேரும்தான். ஜௌபர் பதுளைப் பாடசாலை ஒன்றில் விளையாட்டு ஆசிரியர். தயாபரனுக்குப் பயிற்சி கொடுப்பவர். ஓட்டம் முடிந்து வெகுநேரம் கழித்துச் சம்மேளனத் தலைவர் பல்லைக் குத்திக்கொண்டே மேடைக்கு வந்தார். தங்கப் பதக்கத்தை எடுத்து, பார்ப்பதற்கு லட்சணமாக இருந்த இரண்டாம் இடத்துப் பையனின் கழுத்தில் போட்டு, கைகுலுக்கிப் படமும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தப் பையன் நல்லவன். மேடையை விட்டு இறங்கியதும் பதக்கத்தைக் கழற்றித் தயாபரனிடம் கொடுத்துவிட்டான். மறுநாள் பத்திரிகையில் பெயர் தயாபரனுடையது, படம் அவனுடையது.

தயாபரன் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொஸ்லந்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில், பிறந்தவன் அவன். அப்புத்தளையில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை. வேலை நேரம் போக மிச்ச நேரம் ஓட்டம். அவனுக்கு வேண்டியிருந்தது படம் இல்லை, ஓடிய நேரம். அந்த நேரத்துக்கு, வளைகுடா நகரம் ஒன்றில் நடக்கவிருந்த இந்து சமுத்திர நாடுகளின் மெய்வல்லுநர் போட்டியில் இடம் கிடைத்தது. அரையிறுதிக்கு நிச்சயம் போகலாம், நாள் நன்றாக இருந்தால் இறுதிக்கும் போகலாம் என்று ஜௌபர் சொன்னார். அவர் சும்மா சொல்லுகிற ஆள் இல்லை. தயாபரனுக்கு வயது இருபத்தாறு. சட்டவேலிக்காரனுக்கு அதுதான் நல்ல வயது. இன்னும் இரண்டு மூன்று வருடம் போனால் கால் சொன்னதைக் கேட்காது.

வழியனுப்பு விழாவைப் பதுளையில் வைத்தார்கள். ஊவா மாகாணத்து மண்ணின் மைந்தனை ஊவா மண்ணிலிருந்தே அனுப்பவேண்டும் என்று சம்மேளனத்தின் பிரதிச் செயலாளர் கந்தப்பன் பிரியப்பட்டார். கந்தப்பன் பதுளைக் கடைவீதியில் புடவைக்கடை வைத்திருப்பவர். சம்மேளனத்தில் இருந்த ஒரே தமிழர். மலையகத் தமிழருக்குச் சம்மேளனம் என்ன செய்திருக்கிறது என்று யாராவது கேட்டால், எழுந்து நின்று காட்டுவது அவருடைய வேலை.

பதுளை மைதானத்தில் மேடை போட இடம் பார்த்தார்கள். எல்லாருக்கும் நன்றாகத் தெரிகிற இடம் ஓட்டப்பாதைதான் என்று கண்டுபிடித்து, அதன் நடுவில் குழி தோண்டி மூங்கில் நட்டார்கள். புறப்படுவதற்கு முந்திய வாரம் முழுவதும் தயாபரனால் அங்கே பயிற்சி எடுக்க முடியவில்லை. சட்டவேலிகளும் கிடைக்கவில்லை. பிரமுகர்களின் கதிரைகளுக்குக் கிட்டப் பொதுசனம் வந்துவிடாமலிருக்க அவற்றை வரிசையாக நிறுத்திப் பூச்சரம் கட்டியிருந்தார்கள்.

“ஐயா, ரெண்டே ரெண்டு வேலிய மட்டும் எடுத்துக்கிறவா? காலு இறுகிப் போயிருக்கு,” என்று கந்தப்பனிடம் கேட்டான்.

“இப்ப எடுத்தா சனம் உள்ள வந்துரும் தம்பி. ஒன்னைய கௌரவிக்கத்தானே இவ்வளவும் செய்றோம். நீதான் ஒத்துழைக்கணும்.”

தலைவர் சிங்களத்தில் பேசினார். கந்தப்பன் அதைத் தமிழாக்கினார்.

“இந்தத் தோட்டத்துப் பிள்ளைகளைப் பாருங்கள். இவர்களுக்கு மைதானம் எதற்கு? நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து தேயிலைச் செடிகளைத் தாண்டித் தாண்டித்தானே வளர்கிறார்கள். இயற்கையே இவர்களுக்குப் பயிற்சியாளர். ஊவாவுக்கு நல்ல ஓட்டப்பாதை ஒன்று வேண்டும் என்று என்னிடம் பலர் கேட்டார்கள். நான் மறுத்தேன். ஏன் மறுத்தேன்? அந்த இயற்கைத் திறமை கெட்டுப்போகக் கூடாது என்பதற்காக மறுத்தேன். இன்று தயாபரன் வெளிநாடு போகிறான் என்றால், நாங்கள் இத்தனை வருடமாக ஒன்றுமே செய்யாமல் இருந்ததன் பலன் அது.”

கைதட்டல் நிற்க நேரமெடுத்தது. தயாபரனின் அம்மா வடிவம்மா அவன் பக்கம் சாய்ந்தாள்.

“யாருடா கொழுந்து மரத்தத் தாண்டிக் குதிக்கிறது? ஒரு வாது ஒடிஞ்சாலே அன்னைக்கிச் சம்பளத்துல பாதிய வெட்டிருவானுங்களே.”

அடுத்து வீரத்தாயைக் கௌரவிக்கும் கட்டம். வடிவம்மா நீல நிறத்தில் நல்ல சேலை கட்டி, தலைக்குப் பூ வைத்து வந்திருந்தாள். அது சரிவராது என்று படம்பிடிக்க வந்தவர் சொன்னார். தோட்டத்துத் தாய் என்று பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்? கொழுந்துக் கூடை கொண்டுவர ஆள் ஓடியது. வந்தது மரக்கறிக் கடைக் கூடை. அடியில் வெங்காயத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது.

“இத முதுகுல மாட்டிக்கிட்டு ஒரு தடவ சிரிங்கம்மா,” என்றார் கந்தப்பன்.

“நான் இன்னைக்கி வேலைக்கிப் போகலீங்க,” என்றாள் வடிவம்மா. “லீவு போட்டுட்டு வந்திருக்கேன். லீவு நாள்ல கூடை தூக்க மாட்டேன்.”

கடைசியில் கூடையை ஓரமாக நின்ற ஜௌபரின் கையில் கொடுத்தார்கள். அவரை வெங்காயம் கொண்டுவந்தவர் என்று நினைத்த வேறொரு அதிகாரி, பின்பக்கமாகப் போகச் சொன்னார். அவர் போனார். வெளிநாடு போகும் குழுவிலும் அவருக்கு இடமில்லை என்று முன்னமே சொல்லியிருந்தார்கள்.

இடமில்லை என்பது உண்மைதான். ஓட ஒருவன், ஈட்டி எறிய இராணுவத்துப் பையன் ஒருவன் என்று இரண்டு பேர் போக, மற்றதெல்லாம் நிருவாகம். தலைவர். தலைவரின் மனைவி. கொடிப் பொறுப்பாளர். கொடிப் பொறுப்பாளருக்கு முடியாமல் போனால் கொடியைப் பொறுப்பேற்க ஒருவர். வீரர்களின் உணவை அவதானிக்கத் தலைவரின் மருமகன். மனவுறுதி ஆலோசகர் என்ற பெயரில் தலைவரின் சோதிடர். குழு முகாமையாளரும் பயிற்சியாளருமாகக் கந்தப்பன். கந்தப்பன் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் ஓடியிருக்கிறார், எண்பத்துமூன்றாம் ஆண்டு இனக்கலவரத்தில் கடைக்கு நெருப்பு வைத்தபோது.

வளைகுடா நகரத்தில் போய் இறங்கியதும் வீரர்கள் இருவரையும் விடுதியில் விட்டுவிட்டு நிருவாகம் ஹோட்டலுக்குப் போய்விட்டது. எங்கே போனாலும் குழுவின் கோட்டைப் போட்டுக்கொள்ளவேண்டும் என்பது மட்டும் கட்டளை. தயாபரனுக்குக் கிடைத்த கோட்டு மருமகனின் அளவு. அந்த வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு பயிற்சி மைதானத்துக்குப் போனான்.

அங்கே மார்பு இலக்கம் கொடுத்துக்கொண்டிருந்த தொண்டர் பெண்ணின் பெயர் ஸவாஹிரா. புத்தளத்துப் பெண், தகப்பனுக்கு அந்த நகரத்தில் தொழில். தமிழ் கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது.

“நம்ம நாட்டுல இருந்து ஓடுற ஒரே ஆள் நீங்கதானே. நாளைக்குக் காலைல மொத ஓட்டமே உங்கடதான். நானூறு மீற்றர் சட்டவேலி.”

“நான் நூத்திப்பத்துங்க.”

“இல்லையே. நானூறுன்னுதானே உங்க சம்மேளனம் பதிஞ்சிருக்கு.” அவன் முகம் போன போக்கைப் பார்த்து அவள் குரலைத் தணித்தாள். “பயப்படாதீங்க. இப்பிடி எல்லா நாட்டுக்கும் நடக்குறதுதான். இன்னைக்குப் பின்னேரம் முகாமையாளர்மாருக்குக் கூட்டம் ஈக்கு. உங்கட ஆள் வந்து வாயால ஒரு வார்த்த சொன்னாப் போதும், மாத்திருவாங்க. ஆனா அவர்தான் வரணும். நீங்க சொல்லி ஏலாது.”

தயாபரன் ஹோட்டலுக்கு ஓடினான். கோட்டோடுதான் ஓடினான். மண்டபத்தில் நிருவாகம் கூட்டம் கூடியிருந்தது. இறுதிநாள் அணிவகுப்பில் கொடியை யார் பிடிப்பது என்பது பிரச்சினை. கொடிப் பொறுப்பாளர் தனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்றார். அடுத்தவர், அவருக்கு மூச்சு வாங்குவதைத் தான் நேரில் கண்டதாகச் சொன்னார். இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் குரல் உயர்ந்தது. அது அடங்கும்வரை தயாபரன் சுவரோரம் நின்றான். பிறகு கந்தப்பனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னான்.

கந்தப்பனுக்கு அதில் விஷயம் எது என்று விளங்கவில்லை.

“சட்டவேலி சட்டவேலிதானே தம்பி?”

“இல்லைங்கய்யா. அது வேற, இது வேற. நூத்திப்பத்துல வேலிக்கி வேலி மூணே எட்டு. எல்லாம் நேர்ல முடிஞ்சிரும். நானூறுன்னா கிரவுண்ட ஒரு சுத்துச் சுத்தணும். எட்டு வேற, மூச்சு வேற. நான் அத ஓடினதே இல்ல.”

“அதுல வேலி உயரமா, பதிவா?”

“பதிவுதான்.”

“பதிவுன்னா லேசுதானே,” என்றார் கந்தப்பன், நிம்மதியோடு. “ஒனக்கு நல்லதுதானே நடந்திருக்கு.”

நாலு தயாபரனுக்கு உகந்த எண் என்று சோதிடரும் பக்கத்திலிருந்து சொன்னார்.

“ஐயா, நீங்க கூட்டத்துக்குப் போயி ஒரே ஒரு வார்த்த சொன்னாப் போதும். இப்பப் போனாப் புடிச்சிரலாம்.” தயாபரன் கந்தப்பனின் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் யாருடைய கையையும் அப்படிப் பிடித்தவனில்லை.

விஷயம் தலைவரிடம் போயிற்று. தலைவர் கண்களை மூடி யோசித்துவிட்டுப் பேசினார்.

“திருத்தலாம். ஆனால் திருத்தினால் என்ன அர்த்தம்? பிழை இருந்தது என்று அர்த்தம். பிழை இருந்தால், விட்டது யார் என்று கேட்பார்கள். முப்பது நாட்டுப் பிரதிநிதிகள் முன்னால் நம் நாட்டை நாமே காட்டிக்கொடுக்கலாமா? இந்தச் சம்மேளனம் பிழை விடுவதில்லை. சில நேரங்களில், தீர்மானிப்பதற்கு முன்னமே சில தீர்மானங்களை நடைமுறைப்படுத்திவிடுகிறது, அவ்வளவுதான். அதை இப்போது தீர்மானித்துவிடுவோம்.”

தயாபரன் ஒரு நானூறு மீற்றர் சட்டவேலி ஓட்டக்காரன் என்று மருமகன் பிரேரித்தார். கொடிப் பொறுப்பாளர் ஆமோதித்தார். கொடிச் சண்டையையும் மறந்து எல்லாரும் கையை உயர்த்தினார்கள். பிரேரணை ஏகமனதாக நிறைவேறியது. தயாபரனுக்கு வாக்கு இல்லை. கந்தப்பனின் கைதான் கடைசியாக உயர்ந்தது, ஆனால் உயர்ந்தது.

அதற்குள் இராப்போசனம் வந்துவிட்டது. முகாமையாளர்கள் கூட்டத்துக்கு யாரும் போகவில்லை.

கந்தப்பன் அவனை ஹோட்டல் வாசல்வரை கொண்டுவந்து விட்டார். “கோவிச்சுக்காத தம்பி. எங்க கடைய எரிச்சப்ப எங்கப்பா சட்டம் பேசிக்கிட்டு வாசல்ல நின்னாரு. நான் பின்பக்கமா ஓடினேன். அதுலருந்து நான் யாரோடயும் எதுத்து நிக்கிறதில்ல. தலையாட்டிக்கிட்டுப் போனா நாலு காரியம் நடக்கும்.”

“எனக்கு ஒரு காரியம்தாங்கய்யா வேணும்,” என்றான் தயாபரன்.

கந்தப்பன் மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தார். உள்ளே சூப் ஆறிக்கொண்டிருந்தது.

ஓடாமலே இருந்துவிடலாமா என்று ஜௌபருக்குத் தொலைபேசியில் கேட்டான். ஓடாவிட்டால், மறுத்துவிட்டான் என்று எழுதி ஒரேயடியாக வெட்டிவிடுவார்கள் என்றார் ஜௌபர். பிறகு, “ஓடுங்க மகன். காலைப் பார்த்துக்கிட்டு ஓடுங்க. மெதுவா ஓடுங்க,” என்றார்.

மெதுவாக ஓடத் தயாபரனுக்குத் தெரியாது. பல வருடமாக அவன் உடம்புக்குப் பழக்கியிருந்தது ஒன்றே ஒன்று: வெடி கேட்டதும் முதல் எட்டிலேயே இருப்பதையெல்லாம் கொட்டிவிடுவது. மறுநாள் காலை வெடித்ததும் உடம்பு அதைத்தான் செய்தது. முதல் வேலிகளில் அவன்தான் முன்னால். எதிர்ப்பக்க நேர்ப்பாதையிலும் அவன்தான் முன்னால். அரங்கத்தில் சத்தம் எழுந்தது. நிருவாகத்தின் கூடாரத்தில் மருமகன் கதிரைமேல் ஏறி நின்றார். தீர்மானம் பலித்துவிட்டது என்றே எல்லாரும் நம்பினார்கள்.

இரண்டாவது வளைவில் கால் கல்லாகிவிட்டது. மூச்சு வயிற்றில் நின்றது. வேலி வருகிற தூரத்தையும் கால் வைக்கிற இடத்தையும் கண் சேர்த்துப் பார்க்க மறுத்தது. ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள். ஒரு வேலியில் முழங்கால் பட்டு, வேலியும் அவனும் சேர்ந்து விழுந்தார்கள். தரையில் கிடந்தபோது அவனுக்கு வலி தெரியவில்லை. ‘இது என் ஓட்டம் இல்ல’ என்ற ஒரே எண்ணம்தான் தலைக்குள் இடித்துக்கொண்டிருந்தது. எழுந்தான். மிச்ச வேலிகளை ஒன்றொன்றாக, ஏறி இறங்குவதுபோலத் தாண்டி, எல்லாரும் போய்த் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கையில் முடிவுக் கோட்டைக் கடந்தான். முழங்காலிலிருந்து இரத்தம் சப்பாத்துக்குள் போயிருந்தது. ஸவாஹிரா துண்டோடு ஓடிவந்தாள். நிருவாகத்தின் கூடாரம் அதற்குள் காலியாகியிருந்தது.

அடுத்த நாள் நூற்றுப்பத்து மீற்றர் நடந்தது. தயாபரன் முழங்காலில் கட்டோடு பார்வையாளர் பக்கத்தில் போய் இருந்தான். போகவேண்டாம் என்று ஈட்டிக்காரப் பையன் சொல்லியும் போனான். அரையிறுதிக்குக் கடைசி ஆளாகத் தெரிவானவனின் நேரத்தைத் திரையில் போட்டார்கள். பதுளை மைதானத்து மண்ணில் தயாபரன் அதைவிட வேகமாக ஓடியிருக்கிறான், ஈரநாளிலும் ஓடியிருக்கிறான். அவன் அந்த இலக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். திரை அணைந்து வேறு விளம்பரம் வந்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தான். கோட்டின் பொத்தானைப் பிடித்து இழுத்த இழுப்பில் அது கையோடு வந்துவிட்டது.

ஊர் திரும்பிய பிறகு கொழும்பில் விசாரணை வைத்தார்கள். சம்மேளனத்தை யாரும் விசாரிக்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவன் தயாபரன். முதல் குற்றம், சர்வதேச அரங்கில் விழுந்து நாட்டுக்குக் களங்கம் ஏற்படுத்தியது. இரண்டாவது, விழுந்ததோடு நிறுத்திக்கொள்ளாமல் எழுந்து கடைசிவரை ஓடி, தொலைக்காட்சி நேரடி ஒளிபரப்பில் அந்தக் களங்கத்தை நீட்டித்தது. மூன்றாவது, கோட்டின் பொத்தான்.

“விழுந்தவன் அப்படியே கிடந்திருந்தால் காயம் என்று சொல்லியிருக்கலாம்,” என்று தலைவர் மிகவும் வருத்தத்தோடு சொன்னார். “நாடு அனுதாபம் பெற்றிருக்கும். இவன் எழுந்து ஓடியதால் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, இவனுக்கு நானூறு மீற்றர் ஓடத் தெரியாது என்று. ஓடத் தெரியாதவனை அனுப்பியது யார் என்று இப்போது எங்களைக் கேட்கிறார்கள். எங்களுக்கு எவ்வளவு மனவேதனை என்று இந்தப் பையன் ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தானா?”

என்ன சொல்கிறாய் என்று கேட்டார்கள். அவன் தமிழில் சொல்லலாம், கந்தப்பன் மொழிபெயர்ப்பார் என்று பெரிய மனதோடு அனுமதித்தார்கள்.

“என் ஓட்டத்த நீங்க களவெடுத்துட்டீங்க,” என்றான் தயாபரன். “ஒரு வார்த்த சொல்லச் சொல்லிக் கையப் புடிச்சிக் கெஞ்சினேன். நீங்க சாப்பிடப் போயிட்டீங்க. நான் விழுந்தது என் பிழை இல்ல. மன்னிப்புக் கேக்க நான் வரல.”

கந்தப்பன் எழுந்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “தன்னால் நாட்டுக்கு ஏற்பட்ட இழுக்குக்கு வருந்துவதாகச் சொல்கிறான்,” என்று சிங்களத்தில் சொன்னார். “வாய்ப்புத் தந்த தலைவருக்கு நன்றி சொல்கிறான். சாப்பாடு நன்றாக இருந்ததாம்.”

தலைவர் இளகிப்போனார். சோதிடர் தலையை ஆட்டினார்.

ஹாட்வெயார் கடையில் காலையிலிருந்து மாலைவரை சிங்களத்தில் ஆணியும் சீமெந்தும் விற்கிறவனுக்குச் சிங்களம் தெரியுமா என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. தயாபரன் கந்தப்பனைத் திரும்பிப் பார்த்தான். கந்தப்பன் கண்ணால் கெஞ்சினார். தயாபரன் முன்பக்கம் திரும்பி, தான் சொன்னதை முதலிலிருந்து, ஒரு வார்த்தை விடாமல், நல்ல சிங்களத்தில் சொன்னான். குரலை உயர்த்தவில்லை. சொல்லி முடித்துவிட்டு, “சாப்பாட்டப் பத்தி நான் ஒன்னும் சொல்லல. எனக்கு அங்க யாரும் சாப்பாடு தரல,” என்பதையும் சேர்த்துக்கொண்டான்.

தமிழில் பேச அனுமதி வாங்கிவிட்டுச் சிங்களத்தில் பேசியது நான்காவது குற்றம் என்று மருமகன் நினைவுபடுத்தினார்.

தீர்ப்பைக் கந்தப்பன் தொலைபேசியில் சொன்னார். தயாபரனும் ஜௌபரும் அப்போது பெரகலைச் சந்தியில் ஒரு தேநீர்க் கடையில், பதுளை பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள். மலையிலிருந்து மூட்டம் இறங்கிப் பாதை தெரியவில்லை. தொலைபேசியை மேசைமேல் வைத்து, இருவரும் கேட்கிறமாதிரிச் சத்தத்தைக் கூட்டினான்.

“தம்பி, ஆயுசுக்கும் தடைன்னுதான் சொன்னாங்க. நான் கால்ல விழாத குறையாப் பேசி ரெண்டு வருசமாக் கொறைச்சிருக்கேன். ரெண்டு வருசத்துக்கு நீ நானூறு மீற்றர் சட்டவேலி ஓடக் கூடாது.”

ஜௌபர் கோப்பையைக் கீழே வைத்தார். “நூத்திப்பத்து?” என்று தொலைபேசியைப் பார்த்துக் கேட்டார்.

“அதப்பத்திப் பேச்சே வரல சேர். தம்பி நானூறு மீற்றர்காரன்னுதானே ஏகமனதாத் தீர்மானம் இருக்கு. இல்ல, நூத்திப்பத்துன்னு இப்ப எழுதினா அது பிழைன்னு ஆயிருமே. அதான் தலைவர் வேண்டாம்னுட்டாரு.” கந்தப்பனின் குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. “நான்தான் சொன்னேனே தம்பி, தலையாட்டிக்கிட்டுப் போனா காரியம் நடக்கும்னு.”

தொடர்பு அறுந்ததும் ஜௌபர் சிரிக்கத் தொடங்கினார். சத்தமில்லாமல் தொடங்கி, தோள் குலுங்கி, கண்ணில் தண்ணீர் வந்து, மேசையில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். கடைக்காரர் என்ன என்று எட்டிப் பார்த்தார். அடுத்த மாதம் தேசியப் போட்டி. தயாபரன் தாராளமாக ஓடலாம்.

தயாபரன் சிரிக்கவில்லை. அவன் முகத்தைக் கண்டதும் ஜௌபரின் சிரிப்பு மெல்ல அடங்கிற்று.

“என்ன மகன், நல்ல செய்திதானே?”

“என்னைய தண்டிக்கிறதுக்காவது நான் என்ன ஓடுறேன்னு தெரிஞ்சிக்கிட்டிருக்கலாம் சேர்,” என்றான் தயாபரன். “அதுக்குக்கூட அவனுங்க என்னைய பார்க்கல.”

மூட்டத்துக்குள்ளிருந்து பஸ் ஹோன் அடித்தது. வழியனுப்பு விழாவுக்கு எடுத்த சட்டவேலிகளைச் சம்மேளனம் இன்னும் மைதானத்துக்குத் திருப்பித் தரவில்லை, கேட்டு வாங்கவேண்டும் என்று ஜௌபர் சொன்னார்.

“கேக்க வேணாம் சேர். போயித் தூக்கிட்டு வருவோம்,” என்று சொல்லிவிட்டுத் தயாபரன் பஸ்ஸில் ஏறினான்.